உப்புக் காற்றில் இறுகிப்போன நட்டு: அறிகுறி பார்த்துக் கழற்றும் முறை

மண்டபத்தில் எங்கள் வீட்டுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக் காற்று அடித்தாலும் கச்சான் காற்று அடித்தாலும் உப்பு வீட்டுக்குள் வந்துவிடும். ஜன்னல் கம்பியை விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். அதே உப்புதான் வாசலில் நிற்கும் காரின் அடியிலும் படிகிறது. மதுரையில் இருக்கும் என் மச்சான் காரும் என் காரும் ஒரே மாடல், ஒரே வருடம். அவர் காரில் சாதாரண ஸ்பானருக்கு வழிவிடும் நட்டு, என் காரில் அரை நாள் வேலை வைக்கிறது.

காரணம் எளிதானது. இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கு மேல் பெருகும். நட்டின் மரைக்கும் போல்ட்டின் மரைக்கும் நடுவில் இருப்பது மயிரிழை இடைவெளி. அதற்குள் துரு வீங்கினால் ஆப்பு அடித்த மாதிரிதான். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், வெயில் அடித்தாலும் அந்த இடம் முழுசாகக் காயாது. பாம்பனில் 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம் ஆயுள் முழுக்க இந்தத் துருவோடுதான் போராடியது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய பாலத்தில் இணைப்புகளை முழுக்க வெல்டிங் செய்து, துருப்பிடிக்காத கம்பியும் தனி வகைப் பெயின்டும் போட்டிருக்கிறார்கள். காரை அப்படி வெல்டிங் செய்துவிட முடியாது. கழற்றி மாட்டத்தான் வேண்டும்.

பலத்தைப் போடுவதற்கு முன்னால் நட்டு என்ன நிலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. இறுகிய நட்டு எல்லாம் ஒரே மாதிரி இறுகுவதில்லை. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றை ஒடித்துவிடும்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் கீழக்கரையில் பட்டறை வைத்திருக்கும் ஒரு காக்கா (எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவார்கள்). சைலன்சர் நட்டு ஒன்றோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஸ்பானரை வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சாக்பீஸ் துண்டை எடுத்தார். போல்ட்டின் நுனியில் தொடங்கி, நட்டின் மேல் ஏறி, அடியில் இருக்கும் தகடு வரை ஒரே நேர்க்கோடாக இழுத்தார். "இப்ப திருப்பு தம்பி. ஸ்பானரப் பாக்காத, கோட்டப் பாரு."

திருப்பினேன். ஸ்பானர் நகர்ந்தது. போல்ட் நுனியில் இருந்த கோடும் நட்டின் மேல் இருந்த கோடும் பிரியவே இல்லை. இரண்டும் சேர்ந்து தகட்டுக் கோட்டை விட்டு விலகின. கழல்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் போல்ட்டுத்தான் முறுகிக்கொண்டிருந்தது. "நிப்பாட்டு," என்றார். இன்னும் கால் சுற்று போயிருந்தால் ஒடிந்திருக்கும்.

அன்றிலிருந்து சாக்பீஸ் என் டூல் பெட்டியில் இருக்கிறது. கீழே வரும் எல்லா அறிகுறிக்கும் முதல் வேலை அந்தக் கோடுதான்.

வேலைக்கு முன்

வாசல் மணலாக இருந்தால் ஜாக்கி இறங்கிவிடும். அடியில் தடித்த பலகையோ பனஞ்சட்டமோ போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் தலையைக் கொடுக்க வேண்டாம்; ஸ்டாண்ட் வைத்த பிறகுதான் நுழைய வேண்டும். இறுகிய நட்டை இழுக்கும்போது வண்டி குலுங்கும் என்பதை மறக்காதீர்கள். வீல் நட்டாக இருந்தால் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட்டு, அப்புறம் தூக்குங்கள். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்; மல்லாந்து படுத்துச் சுத்தியலால் தட்டும்போது துரு நேராகக் கண்ணில்தான் விழும்.

ஸ்பானர் நன்றாக உட்காருகிறது, ஆனால் நட்டு இம்மி அசையவில்லை

இதுதான் அடிக்கடி வருவது, நல்ல செய்தியும் இதுதான். தலை கெடவில்லை, போல்ட் முறுகவில்லை. பொறுமை ஒன்றுதான் வேண்டும்.

கம்பி பிரஷால் போல்ட்டின் நுனியில் தெரியும் மரையை நன்றாகத் தேயுங்கள். பலர் இதை விட்டுவிட்டு நேரே எண்ணெயை அடிக்கிறார்கள். துருவும் மணலும் அடைத்திருக்கும் வாயில் எண்ணெய் எப்படி உள்ளே போகும்? தேய்த்த பிறகு துரு இளக்கும் ஸ்பிரே அடியுங்கள். டபிள்யூடி-40 எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிறது. அது இல்லையென்றால் மண்ணெண்ணெயில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் கலந்து சொட்டு சொட்டாக விடலாம். பட்டறைகளில் காலங்காலமாக இருக்கும் பழக்கம். கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலப்பதும் உண்டு. அதற்கு ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றும் மெல்லிய ஆயில்தான் வேண்டும். இரண்டும் நன்றாகக் கலக்காது, ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பெயின்டையும் தின்றுவிடும். எதை ஊற்றினாலும் பிரேக் டிஸ்க்கிலும் பிரேக் பேடிலும் படாமல் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

எண்ணெய் விட்டதும் ஸ்பானரை எடுக்காதீர்கள். சின்னச் சுத்தியலால் நட்டின் ஆறு பக்கங்களிலும் தட்டுங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம், கதவைத் தட்டுவது போல. அந்த அதிர்வில்தான் துரு விரிசல் விட்டு எண்ணெய்க்கு வழி கிடைக்கிறது. போல்ட்டின் நுனியில் நேராக அடித்தால் மரை நசுங்கிவிடும். பத்து நிமிடம் கழித்து மறுபடி எண்ணெய், மறுபடி தட்டு. நான் சாயங்காலம் இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்துவிட்டு, காலையில்தான் ஸ்பானரைத் தொடுவேன். ராத்திரி முழுக்க ஊறிய நட்டும் அரை மணி நேரம் ஊறிய நட்டும் ஒன்றல்ல.

காலையில் முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு சின்ன அழுத்தம் கொடுங்கள். கழற்ற வந்துவிட்டு இறுக்குவதா என்று தோன்றும். துருவின் பிடியை உடைக்க எந்தத் திசையாக இருந்தாலும் சரிதான், மயிரளவு அசைந்தால் போதும். அதன் பிறகு கழற்றும் பக்கம்.

சத்தத்தைக் கவனியுங்கள். 'டக்' என்று ஒரு முறிவுச் சத்தம் கேட்டால் பிடி விட்டுவிட்டது என்று பொருள். 'கிறீச்' என்று இழுத்துக்கொண்டு வந்தால் இன்னும் எண்ணெய் கேட்கிறது. சத்தமே இல்லாமல் ரப்பர் மாதிரி வளைந்து கொடுத்தால் உடனே கையை எடுத்துவிடுங்கள். அதைத் தனியாகக் கீழே சொல்கிறேன்.

குழாய் மாட்டி இழுப்பது பற்றி

ஸ்பானரில் குழாயைச் செருகி நீளமாக்குவது எல்லாரும் செய்வதுதான். அதன் கணக்கைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். 60 கிலோ எடையுள்ள ஆள் 30 சென்டிமீட்டர் ஸ்பானரின் நுனியில் ஏறி நின்றால் கிட்டத்தட்ட 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அதையே 60 சென்டிமீட்டர் குழாயாக்கினால் 350. சின்னக் கார்களின் வீல் நட்டை இறுக்கச் சொல்லும் அளவு 85-லிருந்து 110 வரைதான். 13 ஸ்பானர் போடும் 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சுமார் 25. பத்தாம் நம்பர் ஸ்பானர் போடும் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சுமார் 10 தான். அதாவது சின்ன போல்ட்டுக்கு ஒரு குழந்தை இழுக்கிற பலம் போதும். வீல் நட்டுக்குக் குழாய் சரி. பத்தாம் நம்பர் போல்ட்டுக்குக் குழாயை எடுத்துவிட்டால் ஒடித்துவிட்டுத்தான் ஓய்வீர்கள்.

வீல் நட்டு மட்டும் எதற்கும் மசியாமல் இருந்தால், பாதிக் குற்றம் துருவுடையது, பாதி பஞ்சர் கடையில் காற்றுத் துப்பாக்கியை வைத்து இறுக்கியதுடையது. எனக்கு ராமநாதபுரம் பைபாஸில் ஒரு கடையில் அப்படி ஆயிற்று. வீட்டுக்கு வந்து கழற்றப் பார்த்தால் வண்டியோடு வரும் வீல் ஸ்பானர் வளைந்துவிட்டது. பிரேக்கர் பார் என்னும் நீளமான தடித்த கைப்பிடி ஒன்றும் ஆறு பட்டை சாக்கெட் ஒன்றும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாருதிக்கு 19, ஹூண்டாய்க்கு 21. காலால் மிதிக்காமல், முதுகை நேராக வைத்துக் கையால் மேல்நோக்கி இழுங்கள். வழுக்கினாலும் ஆள் விழமாட்டார்.

லாரி, பழைய வேன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இடப்பக்கச் சக்கரங்களில் இடமரை நட்டு இருக்கலாம். அதை வழக்கம்போலத் திருப்பினால் இறுக்கிக்கொண்டே போவீர்கள். ஸ்டட்டின் (வீல் நட்டு ஏறும் போல்ட்டின்) நுனியில் 'எல்' எழுத்து குத்தியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்பானர் வழுக்குகிறது, நட்டின் முனைகள் மழுங்கிவிட்டன

முதல் வழுக்கலிலேயே நிறுத்திவிட்டால் காப்பாற்றிவிடலாம். ஓப்பன் ஸ்பானரைத் தூர வையுங்கள். அது இரண்டே பக்கத்தில் பிடிப்பதால் வாய் விரிந்து முனையைச் சீவிவிடும். பன்னிரண்டு பட்டை ரிங் ஸ்பானரும் மழுங்கிய நட்டுக்கு ஆகாது. ஆறு பட்டை சாக்கெட்தான் முனையை விட்டுவிட்டுப் பட்டையைப் பிடிக்கும்.

அதுவும் சுற்றினால் நூல் கணக்கு சாக்கெட்டைத் தேடுங்கள். 13 மில்லிமீட்டர் நட்டு மழுங்கினால் நாலு நூல், அதாவது அரை அங்குல சாக்கெட், அது 12.7 மில்லிமீட்டர். 10 மில்லிமீட்டருக்கு மூன்று நூல், 9.5 மில்லிமீட்டர். சுத்தியலால் தட்டி ஏற்றினால் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். தட்டி ஏற்றும் அதிர்விலேயே பாதித் துரு விட்டுவிடுவதும் உண்டு. இதற்குப் பழைய சாக்கெட்டைப் பயன்படுத்துங்கள், திரும்ப நட்டிலிருந்து பிரிக்கக் கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருக்கும்.

கிரிப் பிளையர் கடைசிக்கு முந்தியது. இறுக்கமாகப் பூட்டினால் பிடிக்கும், தளர்வாகப் பூட்டினால் மிச்சமிருக்கும் முனையையும் தின்றுவிடும்.

எதுவுமே முடியாவிட்டால் நட்டைக் காவு கொடுங்கள். ஹேக்சா பிளேடால் நட்டின் ஒரு பட்டையில், போல்ட்டுக்கு இணையாக, மரை வரை எட்டாமல் அறுங்கள். அந்தப் பள்ளத்தில் உளியை வைத்து ஒரு தட்டு. நட்டு வாய் பிளந்துகொண்டு, பிறகு விரலாலேயே கழலும். நட்டின் விலை சில ரூபாய். போல்ட்டைக் காப்பாற்ற அதைக் கொடுக்கலாம்.

ரப்பர் மாதிரி வளைகிறது

சாக்பீஸ் கோடு காட்டிக்கொடுப்பது இதைத்தான். இழுத்தால் வருகிறது, கையை விட்டால் திரும்பிப் போகிறது. போல்ட் முறுகுகிறது, நட்டு அசையவில்லை. இதற்கு மேல் பலம் கூடவே கூடாது. சூடுதான் வழி.

இரும்பு ஒவ்வொரு டிகிரிக்கும் தன் அளவில் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். 12 மில்லிமீட்டர் நட்டு 200 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் துளை ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு அகலும். கேட்கச் சின்னதாக இருக்கிறது, ஆனால் துருவின் பிடியை உடைக்க அது தாராளம். சின்ன கேஸ் டார்ச்சால் நட்டை மட்டும் சூடாக்குங்கள், போல்ட்டைச் சூடாக்கினால் அதுவும் விரிந்துவிடும். சூடாகி நிற்கும்போது மெழுகுவர்த்தியின் அடியை மரையின் ஓரத்தில் வைத்தால் மெழுகு உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும். எண்ணெய் போகாத இடத்துக்கு உருகிய மெழுகு போவதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள்.

சூடு எங்கே கூடாது என்பது இதைவிட முக்கியம். பெட்ரோல் குழாய், பிரேக் ஹோஸ், ரப்பர் புஷ், பேரிங், டயர் இவற்றின் அருகில் டார்ச் வேண்டாம். ஸ்பிரே அடித்த ஈரம் காய்ந்து ஆவி போன பிறகுதான் நெருப்பு. பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் நெருப்பே காட்டாதீர்கள். அதில் குளோரின் கலந்த வகையாக இருந்தால், சூடு பட்டு வரும் வாயு உயிருக்கு ஆபத்து. பக்கத்தில் தண்ணீர் வாளி மட்டும் போதாது, மணல் வாளியும் வையுங்கள். எண்ணெய்த் தீக்கு மணல்தான். இங்கே அதற்குப் பஞ்சமில்லை.

கொஞ்சம் கழன்று பாதியில் நிற்கிறது

முதல் சுற்று எளிதாக வந்தது, இரண்டாவது சுற்றில் மறுபடி இறுகுகிறது என்றால் உதிர்ந்த துரு மரைக்குள் சேர்ந்து அடைக்கிறது. அதே பக்கமாக இழுத்துக்கொண்டே போனால் துருவை இன்னும் திணிப்பீர்கள். கால் சுற்று கழற்றி அரைக்கால் சுற்று இறுக்குங்கள், எண்ணெய் விடுங்கள், திரும்பக் கால் சுற்று. ஒரு நட்டுக்கு இருபது நிமிடம் ஆகலாம். அவசரப்பட்டவர்கள் எல்லாரும் கடைசி இரண்டு மரையில்தான் ஒடித்திருக்கிறார்கள்.

நட்டோடு போல்ட்டும் சேர்ந்து சுற்றுகிறது

பின்பக்கம் கை எட்டினால் போல்ட்டின் தலையை ரிங் ஸ்பானரால் பிடித்துக்கொள்ளுங்கள், முடிந்தது. கை எட்டாத இடம் என்றால் நட்டுக்கும் தகட்டுக்கும் இடையே ஸ்குரூடிரைவரைச் செருகி நெம்பிக்கொண்டே திருப்புங்கள். அந்த இழுவையில் போல்ட் நின்றுவிடும். வீல் ஸ்டட்டே ஹப்பில் (சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதியில்) சுற்றினால் அது பட்டறை வேலை. நட்டை வெட்டி எடுத்து, ஸ்டட்டைப் புதிதாக மாற்ற வேண்டும்.

நட்டு எல்லாம் கழன்றது, சக்கரம் வரவில்லை

எங்கள் கடற்கரையில் அலாய் வீல் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த தலைவலி. சக்கரம் அலுமினியம், ஹப் இரும்பு. நடுவில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி, இரண்டையும் ஒட்டிவைத்துவிடும். தனுஷ்கோடி போய்வந்த வண்டிகளில் இது கூடுதல். 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்ட பிறகு கார்கள் கடலின் விளிம்பு வரை போகின்றன. இரண்டு பக்கமும் கடல், காற்றடித்தால் தண்ணீர்த் திவலையும் மணலும் சக்கரத்தின் மேல்தான்.

ஜாக்கியில் நிற்கும் வண்டியின் சக்கரத்தை எட்டி உதைக்காதீர்கள். நட்டுகளை முழுக்கக் கழற்றாமல் இரண்டு சுற்று தளர்வாக விட்டுவிட்டு, வண்டியைத் தரையில் இறக்குங்கள். மெதுவாக ஓரடி முன்னே, ஓரடி பின்னே நகர்த்திப் பிரேக் போடுங்கள். 'டொக்' என்று விட்டுவிடும். வாசலுக்குள்ளேயே செய்ய வேண்டும், தெருவில் கூடாது. விடவில்லை என்றால் ஹப் நடுவில் ஸ்பிரே அடித்து ராத்திரி விட்டுவிடுங்கள். அப்புறம் மரக்கட்டையை டயரின் உட்பக்கத்தில் வைத்து, சுற்றிச் சுற்றித் தட்டலாம்.

பிரேக் பிளீடர் நிப்பிள்

பிரேக் ஆயிலில் சேர்ந்த காற்றை வெளியேற்றத் திறக்கும் இந்தச் சின்னத் திருகை மட்டும் முழு மரியாதையோடு அணுகுங்கள். நடுவில் ஓட்டை இருப்பதால் சுவர் மெல்லியது. என் காரில் பின் சக்கரத்து நிப்பிளை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓப்பன் ஸ்பானரால் இழுத்து, தலை கையோடு வந்துவிட்டது. வீல் சிலிண்டரையே மாற்ற வேண்டியதாயிற்று. அதுவரை இரண்டு நாள் வண்டி வாசலில் நின்றது. ஆறு பட்டை சாக்கெட், முந்தின நாளே எண்ணெய், நிப்பிளின் வாயில் பொருந்துகிற டிரில் பிட்டின் அடிப்பகுதியைச் செருகி மேலே லேசாகத் தட்டுதல் இவையெல்லாம் முடிந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். உள்ளே செருகிய பிட் இருப்பதால் நிப்பிள் நசுங்காது. இங்கே டார்ச் வேண்டவே வேண்டாம். பிரேக் விஷயத்தில் சந்தேகம் வந்தால் மெக்கானிக்கிடம் போங்கள்.

ஒடிந்துவிட்டது

பதற வேண்டாம். துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் வேறொரு நட்டை வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். வெல்டிங்கின் சூடே துருவை விடுவித்து, அந்த நட்டை ஸ்பானரால் திருப்பினால் துண்டும் வந்துவிடும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் இரண்டு முனையையும் கழற்றச் சொல்லுங்கள். துண்டு உள்ளே மூழ்கிப்போயிருந்தால் நடுப்புள்ளி குத்தி டிரில் போட்டு, அந்தத் துளைக்குள் கவ்வித் திருப்பும் எக்ஸ்ட்ராக்டரால் எடுக்கலாம். ஆனால் எக்ஸ்ட்ராக்டர் மிகக் கடினமான எஃகு. அதுவும் உள்ளே ஒடிந்தால் அதை டிரில் போட முடியாது. அலுமினிய இன்ஜின் ஹெட்டில் ஒடிந்தது என்றால் வீட்டில் முயலாமல் லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். படகு இன்ஜின் வேலை பார்க்கும் பட்டறைகளில் இதற்குக் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். கடலில் ஓடும் இன்ஜினில் துருப்பிடித்த ஸ்டட்டை எடுப்பது அவர்களுக்குத் தினசரி வேலை.

பேட்டரி முனை இறுகினால்

பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்பச் சோடாவைக் கரைத்து ஊற்றுங்கள். நுரைத்து அடங்கும். பேட்டரி மூடிக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில்.

மாட்டும்போது

கழற்றிய மரையைக் கம்பி பிரஷால் பளிச்சென்று தேய்த்துத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். சைலன்சர் நட்டுக்கும் அடிப்பக்க போல்ட்டுகளுக்கும் செம்பு கிரீஸ் மெல்லிசாகத் தடவலாம். வீல் நட்டின் மரையில் கிரீஸ் போடுவதைப் பற்றி இங்கே ஆளுக்கொரு பேச்சு. புத்தகத்தில் சொல்லும் முறுக்களவு காய்ந்த மரைக்குத்தான். எண்ணெய் இருந்தால் அதே பலத்துக்கு ஸ்டட் கூடுதலாக இழுபடும். அதனால் நான் மரையிலும் நட்டின் கூம்பு உட்காரும் இடத்திலும் எதுவும் தடவுவதில்லை. ஹப்பும் சக்கரமும் தொடும் நடுவட்டத்தில் மட்டும் விரலில் எடுத்து ஒரு பூச்சு. மரையில் கிரீஸ் போடுவதற்குப் பதிலாக, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றித் துடைத்து மாட்டிவிடுகிறேன். நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரு மணி நேரம்.

தனுஷ்கோடிப் பக்கம் போய்வந்தால் அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தையும் சக்கரத்தின் உட்பக்கத்தையும் கழுவுங்கள். எங்கள் தெருவில் பல வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் உப்பின் மேல் உப்பு. நான் லாரித் தண்ணீர் வாங்கும் நாளில் இரண்டு குடம் தனியாக எடுத்து வைத்துவிடுவேன்.